மணமாகாத பாலம்மா

அத்தியாயம் 17

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண், விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து, மாப்பிள்ளையின் சட்டைக்கு இஸ்திரி போட்டு, அவருடைய பிரஷர் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் புடவை கட்டிக்கொள்வது கண்டியில் தினமும் நடக்கிற காரியமல்ல. அந்தத் திங்கட்கிழமை பாலம்மா அதைத்தான் செய்தாள்.

கதையைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி.

பாலம்மா – கறுப்பையா தம்பதிக்கு யசோதா ஒரே மகள். நோர்வேயில் பேர்கன் என்கிற மழை ஊரில் தாதியாக வேலை பார்க்கிறாள். அங்கேயே வளர்ந்த துஷ்யந்தன் என்கிற யாழ்ப்பாணத்துப் பையனை அடுத்த மாதம் கல்யாணம் செய்யப் போகிறாள். அந்தக் கல்யாணத்துக்குப் போக அப்பாவும் அம்மாவும் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கொழும்பு விசா அலுவலகத்தில் நேரம் கொடுத்திருக்கிறது. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த நாள் கிடைப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும்.

விண்ணப்பத்தை நிரப்பித் தந்தது அனீஸா. மடவளைக்காரி, கட்டுகஸ்தோட்டையில் போட்டோ கொப்பியும் இன்டர்நெட்டும் உள்ள கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு காகிதமாக அவள் கேட்கக் கேட்க, பாலம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவதாக அனீஸா கல்யாணச் சான்றிதழைக் கேட்டாள். பாலம்மா பெருமையோடு எடுத்து நீட்டியது நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

"அக்கா, இது கலியாணத்துக்குக் கூப்பிட்ட கார்டு. கலியாணம் நடந்ததுக்கு அத்தாட்சி எங்க?" என்று கேட்டாள் அனீஸா.

"நடக்காமலா யசோ பொறந்தா?" என்று பாலம்மா கேட்க, அனீஸா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஹந்தானைத் தோட்டத்தில் அந்தக் காலத்துக் கல்யாணம் என்றால் மாரியம்மன் கோவில், மேளம், தாலி, பந்தி. அதோடு சரி. பிரஜாவுரிமைக் காகிதத்துக்கே ஆபீஸ் ஆபீஸாக அலைந்த ஜனங்கள், கல்யாணத்துக்கும் ஒரு காகிதம் வேண்டுமென்று எங்கே நினைத்தார்கள்? ஆக, முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு, இப்போது சட்டப்படி கல்யாணம். பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்தாயிற்று, நாளும் குறித்தாயிற்று. அந்த நாள்தான் இந்தத் திங்கட்கிழமை.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கறுப்பையா விறுவிறுவென்று நடந்தார். மாநகர சபையில் தண்ணீர்க் குழாய்ப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். அவருக்கு அறுபது, அவளுக்கு ஐம்பத்தொன்று. என்றைக்கும் அவர் பத்தடி முன்னால்தான் நடப்பார். பாலம்மா பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். ஊரில் முக்கால்வாசி ஆண்கள் அப்படித்தான் நடக்கிறார்கள் என்பதால் இதை யாரும் ஒரு குற்றமாகச் சொன்னதில்லை.

"என்னாங்க, கல்யாணத்தன்னைக்காவது கொஞ்சம் மெதுவா போங்களேன்" என்று பாலம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"நேரமாச்சு புள்ள" என்றார் அவர், திரும்பாமலே.

அவர் முகம் காலையிலிருந்தே சரியில்லை. சிரிக்கவில்லை, இரண்டாவது இடியப்பத்தோடு எழுந்துவிட்டார். மாப்பிள்ளைக்குப் பயம் என்று பாலம்மா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். சட்டைப் பையில் வைத்திருந்த மாத்திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் அந்தப் பயத்தால்தான் என்று நினைத்தாள். அவள் நினைத்தது தப்பு.

பதிவாளர் அலுவலக வாசலில் இரண்டு சாட்சிகளும் காத்திருந்தார்கள். அனீஸா வெளிர்நீல ஹிஜாபில், கையில் ஒரு டப்பா மஸ்கட் அல்வாவோடு. ராஜலிங்கம் பட்டு வேட்டியில். அவர் கறுப்பையாவின் பால்ய சிநேகிதர், புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். செய்தித்தாளில் சுற்றி அவர் அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் பாலம்மாவுக்குப் பகீரென்றது.

"என்னாண்ணே அது?"

"மாலை. ரெண்டு. கல்யாணம்னா மாலை இல்லாமலா? அன்னைக்கும் நான்தானே மாப்பிள்ளைத் தோழன். அன்னைக்கு மழையில நனைஞ்சு போச்சு. இன்னைக்கு நல்லா பாதுகாத்துக் கொண்டாந்திருக்கேன்."

"அத உள்ளுக்கு வெச்சிருடா, மானத்த வாங்காத" என்று கறுப்பையா பல்லைக் கடித்தார். அக்கம்பக்கத்தில் நின்ற இளம் ஜோடிகள் வேடிக்கை பார்த்தன. அதில் ஒரு பெண் பாலம்மாவிடம் வந்து, மகளுக்கா மகனுக்கா கல்யாணம் என்று மரியாதையாகக் கேட்டாள்.

"எனக்குத்தான்மா" என்றாள் பாலம்மா. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா வாழ்த்துவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்துவிட்டுப் போனாள்.

பதிவாளர் ஒரு தமிழ் அம்மாள். பாலாம்பிகை என்று மேசையில் பெயர்ப்பலகை. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கல்யாணம் பார்த்துச் சலித்த முகம். ஆனால் இந்த ஜோடி உள்ளே நுழைந்ததும் அந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"வாங்க, வாங்க. உட்காருங்க. காகிதமெல்லாம் இருக்குதா?"

எந்தக் காகிதம் எதற்கு என்று பாலம்மாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விசாவுக்கென்று அனீஸா கட்டிவைத்த பைலை அப்படியே மேசையில் வைத்தாள். பாலாம்பிகை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து, எழுதியிருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் வாசிக்க ஆரம்பித்தார்.

"மணமகன் பெயர், பழனியாண்டி கறுப்பையா. வயது அறுபது. தொழில், ஓய்வூதியம் பெறுபவர். குடியியல் நிலைமை, மணமாகாதவர்."

"நிப்பாட்டுங்க மிஸ்" என்றார் கறுப்பையா.

பாலாம்பிகை நிமிர்ந்தார்.

"அது என்னா மணமாகாதவர்? நான் மணமானவன். இந்தா ஒக்காந்திருக்கா என் பொஞ்சாதி."

"ஐயா, சட்டப்படி பதிவு இல்லை. கோவில் கல்யாணத்தை இந்தப் புத்தகத்தில எழுத இடமில்லை. எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுறோம். நீங்கள் அறிவித்தல் கொடுத்தபோதே இதில கையெழுத்துப் போட்டிருக்கிறீங்களே?"

"அந்தப் புள்ள புள்ளடி போட்ட எடத்துல போட்டேன். வாசிக்கல."

அனீஸா தலையைக் குனிந்துகொண்டாள். கையெழுத்துக்கு இடம் காட்டிப் புள்ளடிக் குறி போட்டவள் அவள்தானே.

"சும்மா ஒரு வார்த்தைதானேங்க" என்றாள் பாலம்மா. "நானுந்தான் மணமாகாதவன்னு எழுதியிருப்பாங்க. எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகல. போட்டுட்டு வாங்க, யசோவப் பாக்கப் போவணும்."

கறுப்பையா பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"என்னால முடியாது புள்ள" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

மாலைப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்த ராஜலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம்மாவுக்கு அழுகை முட்டியது. கோபமும் முட்டியது. ஒரு வார்த்தைக்காக, ஒரே ஒரு கோணல் பிடிவாதத்துக்காக, பெற்ற பெண்ணின் கல்யாணத்தை வட்சப்பில் பார்க்கப் போகிறோமா? யசோதாவுக்குப் புடவை மடிப்பை யார் பிடித்துவிடுவார்கள்? மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் பாலாம்பிகை. அவர் கையில் ஒரு பழைய தாள் இருந்தது. "இது உங்கட மகளின்ட பிறப்புச் சான்றிதழா?"

"ஆமாங்க மிஸ். போன கெழமதான் அவரோட பிஸ்கட் டின்னுலருந்து எடுத்தேன். அந்த டின்ன வெச்சிருக்கிற அலுமாரியத் தொறக்கத் தெறப்பையே தர மாட்டேன்னாரு. சண்ட போட்டு வாங்குனேன்."

"உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா?"

"பஸ் போர்டு மட்டும் வாசிப்பேன்."

பாலாம்பிகை கண்ணாடியைக் கழற்றினார். சலித்த குரல் போய், மெதுவான குரலில் சொன்னார்.

"இதில, பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கட்டம் இருக்குது. அதில இல்லை என்று எழுதியிருக்குதம்மா. கீழே தகவல் தந்தவரென்று உங்கட வீட்டுக்காரரின்ட கையெழுத்து."

பாலம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உட்கார்ந்திருந்த கதிரை ஒரு பக்கமாகச் சரிகிற மாதிரி இருந்தது. முப்பது வருஷமாக அலுமாரிக்குள் இருந்த தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, பரீட்சைக்கு, பாஸ்போட்டுக்கு என்று எப்போது தேவைப்பட்டாலும் "நீ இரு, நான் போய்க் குடுத்துட்டு வாறேன்" என்று அவரே எடுத்துப் போய், அவரே கொண்டுவந்து பூட்டுவார். பொறுப்பான மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறாள்.

அவள் எழுந்து வெளியே போனாள்.

விறாந்தைக் கோடியில், கை கழுவுகிற இடத்தில் கறுப்பையா குனிந்து நின்றிருந்தார். அங்கே குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற குழாயைக் கண்டால் கல்யாண வீடென்றும் இழவு வீடென்றும் பார்க்க மாட்டார் மனுஷன். சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கட்டை மடித்துத் திரித்து, குழாய்த் தலைக்குள் செருகி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சு போச்சா?" என்று கேட்டார், குழாயைப் பார்த்தபடியே.

"ஏங்க சொல்லல?"

"என்னான்னு சொல்றது?" அவர் கையை வேட்டியில் துடைக்கப் போய், அன்று களிசான் போட்டிருப்பது ஞாபகம் வந்து நிறுத்தினார். "யசோ பொறந்து பதியப் போனேன். கல்யாண சர்டிபிகேட் எங்கன்னு கேட்டாங்க. கோயில்ல தாலி கட்டுனோம்னேன். அது எழுத ஏலாதுன்னுட்டாங்க. எனக்குப் பின்னால பெரிய வரிசை. எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னு நெருக்குறாங்க. அவங்க இல்லைன்னு எழுதி நீட்டுனாங்க. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் பாலம்மா. தெரியாமப் போடல. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

பாலம்மா குழாயடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ரெண்டு கட்டை தூரம் நடந்து வீட்டுக்கு வந்தேன். நீ புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு, பதிஞ்சாச்சான்னு கேட்ட. ஆச்சுன்னேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் எப்பிடிச் சொல்றது? ஒன்னையும் அவளையும் ஒரு கையெழுத்துல அப்பிடி எழுதிக் குடுத்துட்டேன். இன்னைக்கு மறுபடியும் கல்யாணமாகாதவன்னு போடச் சொன்னா கை போவுமா?"

பாலம்மாவின் கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. முப்பது வருஷம் இந்த மனிதர் இதைத் தனியாகச் சுமந்தாரா? பூட்டிய அலுமாரிக்கு முன்னால் அவர் நின்ற ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணில் வந்து போனது. பாவமாக இருந்தது. அதே சமயம், தோளைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கவேண்டும் போலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் பைக்குள் போன் அலறியது. வீடியோ அழைப்பு. நோர்வேயில் காலை ஏழு மணி. திரையில் யசோதா, தலைமுடியை வாராமல், கையில் கோப்பிக் கோப்பையோடு. அவள் தோளுக்கு மேல் துஷ்யந்தனின் சிரித்த முகம்.

"அம்மா! கல்யாணம் ஆச்சா இல்லையா? நான் வேலைக்கு லேட்டாப் போறேன்னு சொல்லிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"வணக்கம் மாமி" என்றான் துஷ்யந்தன். "என்ன மாமா, முகம் வாடிக் கிடக்குது? பொம்பிளை பிடிக்கேல்லையோ?"

வேறு நாளாக இருந்தால் கறுப்பையா போனைத் தள்ளிவிட்டு நகர்ந்திருப்பார். அன்று நகரவில்லை. பாலம்மாதான் சொன்னாள்.

"யசோ, ஒன் பொறப்புச் சர்டிபிகேட்டுல..."

"ஓ, அதுவா?" என்றாள் யசோதா. "எனக்குப் பாஸ்போட் எடுத்தப்பவே தெரியும்."

கறுப்பையா சட்டென்று போனைப் பிடுங்கினார். "தெரியுமா?"

"தெரியும்ப்பா. நீங்க பூட்டிப் பூட்டி வெச்சதால என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு நாள் கைல கெடச்சப்போ வாசிச்சேன். நானும் சிங்களம் படிச்சவதானே."

"ஏன்டி கேக்கல?"

"நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறீங்க. நான் கேட்டா ஒங்களுக்கு வலிக்கும்னு நெனச்சேன்." யசோதாவின் குரல் ஒரு நொடி தழுதழுத்தது. உடனே சிரித்துவிட்டாள். "அப்பா, கேளுங்க. எங்க கல்யாணத்துக்கு அந்தச் சர்டிபிகேட்ட இங்க மொழிபெயர்த்துக் குடுத்தேன். அந்த ஆபீஸரம்மா அந்த எடத்தப் பார்த்தாங்க. நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அவங்க அடுத்த பக்கத்தப் பொரட்டிட்டு, கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும், கொடை கொண்டு வாங்கன்னாங்க. இங்க என்கூட வேலை செய்ற பாதிப் பேரோட அம்மா அப்பா கல்யாணமே பண்ணிக்கலப்பா. ஒருத்தரும் அலுமாரியப் பூட்டல."

கறுப்பையா போனை முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஓம் மாமா" என்றான் துஷ்யந்தன். "நீங்கள் வாறியள்தானே? நான் உங்களுக்கெண்டு பெரிய சப்பாத்து வாங்கி வைச்சிருக்கிறன். குளிருக்கு."

"சீக்கிரம் உள்ள போங்கப்பா" என்றாள் யசோதா. "எனக்கு முன்னாடி நீங்க கட்டிக்கணும். வீட்டுல மூத்தவங்க இருக்கையில எளையவ கட்டிக்கிட்டா ஊர் என்னா பேசும்?"

அறுபது வயசு மனிதர் போனைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் நின்று அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். பாலம்மா தன் முந்தானையை நீட்டினாள். அவர் அதில் முகத்தைத் துடைத்துவிட்டு, திரும்பிப் போய்க் குழாயை ஒருமுறை பார்த்தார். சொட்டு நின்றிருந்தது.

அறைக்குள் பாலாம்பிகை அடுத்த ஜோடியைக் கூப்பிடாமலே வைத்திருந்தார்.

"வாசிக்கட்டா ஐயா?"

"வாசிங்க மிஸ்."

"மணமாகாதவர்."

"சரி. இன்னும் பத்து நிமிஷத்துக்குத்தானே" என்றார் கறுப்பையா. ராஜலிங்கம் பெரிதாகச் சிரித்தார்.

"இன்னுமொன்று" என்றார் பாலாம்பிகை. "இன்றைக்கு இது பதிஞ்சால், மகளின்ட பிறப்பை மறுபடி பதியச் சொல்லி நீங்கள் விண்ணப்பிக்கலாம். இல்லை என்கிற இடத்தில ஆம் என்று வரும். அதற்கும் நான் படிவம் தாறேன்."

கறுப்பையா தலையாட்டினார். பேனாவை எடுத்துக்கொண்டார். மெதுவாகப் போடுங்கள், தாள் கிழிந்துவிடும் என்று பாலாம்பிகை சொல்லுமளவுக்கு அழுத்தி, முழுப் பெயரையும் எழுதினார்.

பிறகு பதிவாளர் பாலம்மா பக்கம் திரும்பினார். "கறுப்பையா என்கிற இவரை உங்கள் சட்டபூர்வமான கணவராக ஏற்றுக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?"

பாலம்மா வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை.

சம்மதமா?

ஐம்பத்தொரு வயசில் முதல் தடவையாக ஒருவர் அவளிடம் இதைக் கேட்கிறார். அன்று யார் கேட்டார்கள்? அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடித்தார்கள். பத்திரிகை அச்சாகி தோட்டத்து லயன் வீட்டுக்கு வந்த பிறகு, அதை எடுத்து வாசித்துத்தான் மாப்பிள்ளையின் பெயரையே தெரிந்துகொண்டாள். அந்தப் பெயர் அச்சில் நன்றாக இருந்தது. அதனால்தான் ஒரு பத்திரிகையை எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷத்தில், நல்லது கெட்டது எத்தனையோ நடந்தது. அவள் சம்மதத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளும் யோசித்ததில்லை.

இப்போது யோசித்தாள். ஆற அமர யோசித்தாள். அந்தச் சுகத்தைச் சட்டென்று விட மனசு வரவில்லை.

"அக்கா?" என்று அனீஸா மெல்லக் கூப்பிட்டாள்.

"இரு புள்ள. யோசிக்கிறேன்."

கறுப்பையாவின் நெற்றியில் வேர்த்தது. "பாலம்மா, என்னா இது?"

"மிஸ் என்கிட்டதானே கேட்டாங்க?"

"கேட்டது சரி. நிதானமா யோசிங்க" என்றார் பாலாம்பிகை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் சிரித்தது.

"ஒரு நிபந்தனை இருக்கு மிஸ்."

"அதை எழுத இடமில்லை. ஆனால் சொல்லுங்க. சாட்சிகள் இருக்கிறார்கள்."

பாலம்மா கணவனை நேராகப் பார்த்தாள். "நோர்வேக்குப் போனா, ரோட்டுல என் பக்கத்துல நடக்கணும். பத்தடி முன்னால நடக்கக் கூடாது. புது எடம், எனக்கு வழி தெரியாது. ஒங்க முதுகையே பாத்துக்கிட்டு வர்றதுக்கு நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்? முப்பத்தொரு வருஷமா அந்த முதுகத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அனீஸா கைகொட்டிவிட்டு, இது அரசாங்க அலுவலகம் என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?" என்றார் கறுப்பையா.

"அவ்வளவுதான்."

"சரி புள்ள. நடக்கிறேன்."

"அப்பிடீன்னா சம்மதம்" என்றாள் பாலம்மா. ஒரு தடவை சொன்னது போதவில்லை. "எனக்குச் சம்மதம் மிஸ்" என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். சாட்சிகள் போட்டார்கள். ராஜலிங்கம் யாரையும் கேட்காமல் பொட்டலத்தைப் பிரித்து மாலைகளை நீட்டினார். மானத்தை வாங்காதே என்று காலையில் சொன்ன மாப்பிள்ளை, இப்போது தானே குனிந்து கழுத்தைக் கொடுத்தார். வாசலில் நின்ற இளம் ஜோடிகள் கைதட்டின. அனீஸாவின் மஸ்கட் டப்பா அலுவலகம் முழுவதும் ஒரு சுற்று வந்து காலியாகத் திரும்பியது.

சந்தோஷமான கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் வெளியே வந்து, சான்றிதழைப் பைலில் வைக்கப் போன அனீஸா, படியிலேயே நின்றுவிட்டாள்.

"யா அல்லா" என்றாள். "அக்கா, ஒரு பெரிய பிழை நடந்தீக்கி."

"என்னா புள்ள?"

"விசாவுக்கு ஒங்கட பேருல நான் எழுதின கடிதத்துல, நாங்க ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தேழுல கலியாணம் செஞ்சவங்க, முப்பத்தொரு வருஷமாக் குடும்பமா ஈக்கிறம் என்டு எழுதினேன். அது கம்பியூட்டர்ல போயிட்டுது. இனி எடுக்க ஏலாது. இந்தச் சர்டிபிகேட்டப் பார்த்தா, நீங்க ரெண்டு பேரும் இன்டைக்குக் காலை வரைக்கும் மணமாகாதவங்க. யசோக்கு முப்பது வயசு. கொழும்புல அந்த ஆபீஸ் புள்ள ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பார்த்தா என்னா பதில் செல்லப் போறீங்க? பொய்க் காகிதம் என்டு திருப்பிட்டா?"

பாலம்மாவுக்குத் தொண்டையில் மஸ்கட் சிக்கிக்கொண்டது. அவள் வழக்கம்போலக் கணவனைப் பார்த்தாள். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவர் வழக்கமாகக் காட்டுகிற முகம் அவளுக்குத் தெரியும். பார்வையைத் தாழ்த்தி, "பாப்போம்" என்று முனகி, நடக்க ஆரம்பித்துவிடுவார்.

கறுப்பையா நடக்கவில்லை. கழுத்தில் மாலையோடு, படியில் நின்றார்.

"பாலம்மா, அந்தக் கல்யாணப் பத்திரிகை எங்க?"

"பைல்லதான் இருக்கு."

"அத மேல வை. வியாழக்கெழம நான் பேசுறேன்."

"நீங்களா?" பாலம்மா நம்பாமல் பார்த்தாள். "இங்கிலீசுல கேப்பாங்களே."

"எந்தப் பாஷையிலயும் கேக்கட்டும். கோயில்ல கட்டுனதையும் சொல்வேன். இன்னைக்குக் கட்டுனதையும் சொல்வேன். நடுவுல நான் போட்ட கையெழுத்தையும் சொல்வேன்." அவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். "அன்னைக்குப் பின்னால வரிசை நிக்குதுன்னு பாதியில வந்துட்டேன். இந்தத் தடவ எத்தன பேரு நின்னாலும் முழுசாச் சொல்லிட்டுத்தான் அந்த எடத்த விட்டு நகருவேன்."

ராஜலிங்கம் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அனீஸா பைலைப் பிரித்து, மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து எல்லாக் காகிதத்துக்கும் மேலே வைத்தாள்.

பஸ் நிலையத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். மத்தியானக் கூட்டம், குறுகிய நடைபாதை, தூறல் வேறு. பாலம்மா குடையை விரித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் பத்தடி பின்தங்கினாள்.

முன்னால் போன கறுப்பையா நின்றார். திரும்பிப் பார்த்தார். மாலை போட்ட கிழவரை ஊரே வேடிக்கை பார்க்க, அவள் வந்து சேரும்வரை அங்கேயே நின்றார்.

"நோர்வேயிலதானே சொன்னேன்" என்றாள் பாலம்மா, மூச்சு வாங்க.

"பழகிக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு, அவர் அவள் கையிலிருந்த குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.